ஏழுகால் மாப்பிள்ளை

14 ஜூன் 2023, புதன்

கட்டைவிரல் வீங்கியிருக்கிறது. ஒரு கல்நண்டு கொடுக்கால் பிடித்துவிட்டது. இருபது வருடத்தில் இது நாலாவது தடவைதான், அதனால் புலம்ப உரிமை உண்டு.

புதிதாக வந்த இரண்டு பெண்களிடம் எல்லப்பன் அண்ணன் என்னைக் காட்டினார். நண்டுக் கொட்டகை அவருடையது. "செவ்வந்தி ஒரு தபா பொரட்டிப் போட்டா போதும். ஆணா பொண்ணா, உள்ள சதை கீதா தண்ணி கீதா, எல்லாம் சொல்லிடும்" என்றார். ஓடு கழற்றிய நண்டு சதை இல்லாமல் நீராக இருக்கும், அதைத் தனியாக ஒதுக்க வேண்டும். அந்தப் பெண்கள் ஒவ்வொன்றையும் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பேசிக்கொண்டே பிரித்தேன். கர்வம்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

மத்தியானம் ஜெபசெல்வி மேடத்தின் அறைக்குப் போனேன். பழவேற்காடு பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரே ஒரு அறை எடுத்து, அதில் சிலந்தி வளர்க்கிறார். சென்னையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி. வயது இருபத்தெட்டு, என்னைவிடப் பன்னிரண்டு சின்னவர். அறையைக் கூட்டத்தான் என்னைக் கூப்பிட்டார். நான் பயப்படாமல் நின்றதைப் பார்த்து, தீனி போடவும் குறிப்பு எழுதவும் சேர்த்துக்கொண்டார். பிளஸ் டூ படித்தது இப்போதுதான் உதவுகிறது.

குறிப்புக்கு ஒரு நோட்டுக் கொடுத்தார். அட்டையில் 'பொசிலோதீரியா ரீகாலிஸ்' என்று எழுதியிருக்கிறது. நாக்கு சுளுக்கிக்கொண்டது. எங்கள் ஊரில் அதற்கு எட்டுக்கால் பூச்சி என்றுதான் பெயர், சின்னதோ பெரியதோ. இன்னொரு நோட்டு சும்மா கொடுத்தார். அதுதான் இது.

15 ஜூன்

பெண் சிலந்திக்கு அம்மணி என்று பெயர் வைத்துவிட்டேன். மேடம் நோட்டில் அது பெ-1.

என் கையை விரித்து வைத்தால் அம்மணியின் கால்கள் விரல்நுனிவரை வரும். சாம்பல், வெள்ளை, கறுப்பு எல்லாம் கலந்து முதுகில் ஒரு இலை வரைந்த மாதிரி இருக்கிறது. பட்டையில் ஒட்டிக்கொண்டால் எங்கே பட்டை முடிகிறது, எங்கே இவள் தொடங்குகிறாள் என்று தெரியவில்லை. நீர் தெளித்தபோது கோபம் வந்து முன்னங்கால்களைத் தூக்கினாள். அடிப்பக்கம் பளீரென்று மஞ்சள்! இத்தனை நிறத்தை அடியில் ஒளித்துவைத்துக்கொண்டு மேலே சாம்பல் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கடித்தால் இரண்டு நாளைக்குக் கை கால் இழுக்கும் என்று மேடம் எச்சரித்தார். இழுக்கட்டும், அழகு அழகுதான்.

போன டிசம்பர் புயலில் காட்டூரில் ஒரு புளியமரம் சாய்ந்தது. அதன் பொந்தில் இருந்தவள். வனத்துறையில் அனுமதி வாங்கி வைத்திருக்கிறார். மூன்று வருடமாக இந்தப் பக்கத்து மரங்களையெல்லாம் தேடி அவருக்குக் கிடைத்தது மொத்தமே இரண்டுதான். ஒன்று இவள். இன்னொன்று ஆண். இரண்டையும் சேர்த்துக் குஞ்சு எடுக்கத்தான் இந்த அறை.

17 ஜூன்

ஆணைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இவனா? ஒல்லிக்குச்சி. வயிறு ஒரு காய்ந்த சுண்டைக்காய் அளவுகூட இல்லை. கால் மட்டும் நீளம். அம்மணியின் கோலமெல்லாம் இவன் உடம்பில் வெளுத்துப்போய், நாலு தடவை துவைத்த லுங்கி மாதிரி இருக்கிறது. இவனும் அவளும் ஒரே இனம் என்றால் யார் நம்புவார்கள்? நண்டில் ஆண்தான் பெரிசு, கொடுக்கும் ஆணுக்குத்தான் பெரிசு. இங்கே எல்லாம் தலைகீழ்.

மேடம் ஒரு லென்ஸ் கொடுத்து முகத்துப் பக்கம் பார்க்கச் சொன்னார். வாய்க்கு இரண்டு பக்கமும் கை மாதிரி இரண்டு குட்டைக் கால்கள். அவற்றின் நுனியில் ஒவ்வோர் உருண்டை. அந்த உருண்டையில்தான் விந்துவைச் சுமந்துகொண்டு போகுமாம். கடைசிச் சட்டையைக் கழற்றும்போதுதான் ஆணுக்கு இது வரும். வந்த பிறகு வேறு சட்டை இல்லை, வளர்ச்சி இல்லை, சாப்பாட்டில் மனம் இல்லை. பொந்தைவிட்டு இறங்கி நடக்கத் தொடங்கிவிடும். அதோடு நாலைந்து மாதம், அதிர்ஷ்டம் இருந்தால் ஆறு. பெண்ணுக்குப் பன்னிரண்டு வருடம்கூட உண்டாம். அவள் பொந்தைவிட்டு நகர்வதே இல்லை.

"சுவத்துல பாத்து ஜனங்க அடிக்கிறதெல்லாம் பெரும்பாலும் இவங்களைத்தான் அக்கா. பொண்ணு தேடிப் போறவங்க" என்றார்.

இவனும் அப்படித்தான், மே மாதம் திருப்பாலைவனத்தில் ஒரு பம்புசெட் சுவரில் பிடிபட்டவன்.

நானும் ஒன்றை அடித்திருக்கிறேன். காட்டூரில் அக்கா வீட்டில், விளக்குமாற்றால். நீளக்கால், வெளுத்த உடம்பு. பாவி, எங்கிருந்து நடந்து வந்தானோ.

இவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர்.

20 ஜூன்

அம்மணி போன வருடம் அந்தப் பொந்தில் கழற்றிப் போட்ட சட்டையை மேடம் பத்திரமாக வைத்திருக்கிறார். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து விரித்துக் காட்டினார். வயிற்றுத் தோலின் உள்பக்கம், நெல்மணியில் பாதிகூட இல்லாத ஒரு சின்ன மடிப்பு. ஒரு பை. ஆண் கொடுத்ததைப் பெண் அதில்தான் மாதக்கணக்கில் சேமித்து வைக்குமாம், முட்டையிட நினைக்கும்போது எடுத்துக்கொள்ளும். அந்தப் பை இருந்தால் பெண், இல்லாவிட்டால் ஆண்.

நானும் வாழ்நாள் முழுக்க வயிற்றைப் புரட்டிப் பார்த்துத்தான் ஆண், பெண் சொல்கிறேன். ஆனால் கழற்றிப் போட்ட தோலை வைத்துச் சொல்வது! பெரிய வித்தைதான்.

3 ஜூலை

மேடம் பொன்னேரி சாலையில் வண்டியோடு விழுந்துவிட்டார். கால் எலும்பு இரண்டு இடத்தில். பெரம்பூரில் அவர் அம்மா வீட்டில் படுக்கை, இரண்டரை மாதம் எழுந்திருக்கக் கூடாது.

சாவி என்னிடம்.

போனில் சொன்னது இதுதான்: "ரெண்டையும் சேத்துடாதீங்க அக்கா. எப்பனு நான் சொல்றேன்." ஏன் என்று கேட்கவில்லை. வலியில் பேசிக்கொண்டிருந்தார்.

12 ஜூலை

அம்மணி மூன்றாவது தடவையாகக் கரப்பானைத் தொடவில்லை. வயிறு கறுத்து, பளபளப்பு போய்விட்டது. பொந்து வாயில் வலை கட்டி மூடிக்கொள்ளப் பார்க்கிறாள்.

இது எனக்குத் தெரியாதா? சட்டை கழற்றப் போகிறாள். நண்டும் இப்படித்தான், தின்னாது, மங்கும், ஒதுங்கும்.

16 ஜூலை

மாப்பிள்ளை நிற்பதே இல்லை. பெட்டியின் நாலு மூலையும் நடக்கிறான். கண்ணாடியில் கால் வைத்துத் தட்டுகிறான். மே மாதத்திலிருந்து எண்ணினால் இரண்டு மாதம் போய்விட்டது. இவனுக்கு இருப்பதே நாலைந்து மாதம். மேடம் எழுந்து வருவதற்குள் இவன் கதை முடிந்துவிடும்.

வீட்டில் சொன்னேன். இவர், என் வீட்டுக்காரர் தாமோதரன், வலைக்குத் தையல் போட்டுக்கொண்டே, "இன்னாமே, பூச்சிக்கு ஜாதகம் பாக்கறியா" என்று கேட்டார். நண்டு எப்போது ஜோடி சேரும் என்று நான் கேட்டேன். அதற்கு மட்டும் ஒழுங்காகப் பதில் சொன்னார். ஏரியில் இறங்குகிற எவனுக்கும் தெரிந்ததுதான். பெண் ஓடு கழற்றுகிற நேரம் பார்த்து ஆண் வந்து அணைத்துக்கொள்ளும். இரண்டு நாள், மூன்று நாள் சுமந்துகொண்டே திரியும். அப்போதுதான் சேரும். மற்ற நேரத்தில் அவள் ஒப்ப மாட்டாள்.

அப்படியென்றால் நேரம் இதுதானே?

19 ஜூலை

மேடத்துக்குப் போன் போட்டேன். மாத்திரை மயக்கத்தில் இருந்தார். அம்மணி சாப்பிடவில்லை என்றேன், சில சமயம் அப்படித்தான் என்றார். வயிறு கறுத்ததைச் சொல்வதற்குள் அவர் அம்மா போனை வாங்கிக்கொண்டார்.

22 ஜூலை, சனி

சேர்த்துவிட்டேன்.

எழுதாமல் இருக்க முடியவில்லை. மேடம் நோட்டில் எழுத முடியாது, இங்கேதான்.

சாயங்காலம் ஆறரை. ஜன்னலை மூடி, டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் ஒட்டி, மாப்பிள்ளையைக் குவளையில் பிடித்து அம்மணியின் பெட்டி ஓரத்தில் விட்டேன். அவன் உடனே ஓடவில்லை. முதல் அடி வைத்ததுமே உறைந்து நின்றான். அவள் வலை காலில் பட்டதும் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. பிறகு, என் கண்ணால் பார்த்தேன், உடம்பு முழுக்க நடுங்கியது. நடுங்கி, நிறுத்தி, முன்னால் இருந்த இரண்டு குட்டைக் கைகளால் பட்டையைத் தட்டினான். டப டப டப. கேட்கவில்லை, ஆனால் பெட்டியில் வைத்த என் விரலுக்குத் தெரிந்தது. மேளம் கட்டுகிற மாதிரி மெதுவாகத் தொடங்கி வேகமாக. நிறுத்திக் காத்திருந்தான். மறுபடி.

பத்து நிமிடம் ஒன்றுமில்லை. இவன் சளைக்கவில்லை. பிறகு பொந்துக்குள்ளிருந்து அவள் திருப்பித் தட்டினாள்! ஒரே ஒரு தடவை, கனமாக. எனக்கு மயிர் கூச்செறிந்தது. பேச்சு இல்லை, கண்ணும் சரியாகத் தெரியாதாம் இவற்றுக்கு. ஒரு பட்டையைத் தட்டியே பெண் கேட்டு, ஒரு பட்டையைத் தட்டியே சரி சொல்லி.

அந்த ஒல்லிக்குச்சியா இவன்? தன்னைவிட இரண்டு மடங்கு பெரியவளிடம், கடித்தால் ஒரு வாய்க்குக் காணாத உடம்போடு, நேராக நடந்து போனான். அவள் முன்னங்கால்களைத் தூக்கினாள், மஞ்சள் தெரிந்தது. நான் குவளையைக் கையில் எடுத்துவிட்டேன். அவன் பின்வாங்கவில்லை. நீளக்கால் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. அவளை எட்டி நிறுத்தி, தடவி, மெல்ல மேலே தூக்கி, அடியில் புகுந்து, ஒரு கையை வைத்து, பிறகு மறு கையை வைத்து. அவ்வளவுதான், இரண்டு நிமிடம் இருக்கும்.

விலகும்போதுதான் அவள் பாய்ந்தாள். இடப்பக்கம் இரண்டாவது காலைப் பிடித்துக்கொண்டாள். அவன் காலை விட்டுவிட்டு ஓடினான். நண்டு கொடுக்கை விட்டுவிட்டு ஓடுமே, அப்படி. குவளையில் பிடித்து அவன் பெட்டியில் விட்டேன்.

ஏழு கால்.

மேடம் நோட்டில் இன்றைய தேதிக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை. வந்ததும் காட்டி அசத்தலாம். சரியான நேரம் பார்த்துச் சேர்த்திருக்கிறேன்.

30 ஜூலை

மாப்பிள்ளை ஏழு காலோடும் நடக்கிறான். முன்பு போல வேகமில்லை. ஆனாலும் நடக்கிறான்.

9 ஆகஸ்டு, புதன்

காலையில் கதவைத் திறந்தால் அம்மணியின் பெட்டியில் இரண்டு சிலந்தி. கூட வந்த இவர் ஒரு அடி பின்வாங்கி, "இன்னொண்ணு எப்படி உள்ள வந்துச்சு" என்றார். ஒன்று வெறும் சட்டை. முழுசாக, கால் நகம் உட்பட, உள்ளே ஆள் இல்லாத சட்டை. பக்கத்தில் அம்மணி, புதுசாக. சாம்பலும் வெள்ளையும் இப்போதுதான் வரைந்து காய வைத்த மாதிரி. இத்தனை அழகை ஒரே இரவில் எங்கே வைத்திருந்தாள்? பல்கூட வெள்ளையாக இருக்கிறது. கறுக்கப் பத்து பதினைந்து நாள் ஆகுமாம்.

மேடத்துக்குப் படம் அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். குரலில் இப்போது தெம்பு இருக்கிறது. சந்தோஷமாகச் சொன்னார்: "நல்லவேளை அக்கா, முன்னாடியே சேக்கல. சேத்திருந்தா அந்தப் பையில இருக்கறதெல்லாம் தோலோட போயிருக்கும். மறுபடி மொதல்ல இருந்து."

நான் ம் என்றேன்.

10 ஆகஸ்டு

அந்தப் பை தோலில்தானே இருந்தது. என் கண்ணாலேயே லென்ஸ் வைத்துப் பார்த்தேனே. சோப்புத் தண்ணியில விரிச்சு காட்டினாங்களே. கழட்டிப் போட்ட தோலுல பை இருந்தா, அந்தப் பைக்குள்ள இருந்தது எங்க போகும்னு ஒரு நிமிஷம் யோசிச்சியாடி? இருவது வருஷம் நண்டு பிரிச்சவளாம். எல்லாம் தெரிஞ்சவளாம்.

அவன் கால் போனது வீணா.

11 ஆகஸ்டு

கொட்டகையில் இரண்டு தடவை பெண் நண்டை ஆண் கூடையில் போட்டேன். எல்லப்பன் அண்ணன் பார்த்துவிட்டுப் பேசாமல் எடுத்து மாற்றினார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

13 ஆகஸ்டு

இவரிடம் சொன்னேன். நீ சொல்லாமல் விட்டால் எவனுக்குத் தெரியும் என்றார். நோட்டில் எழுதவில்லை, யாரும் பார்க்கவில்லை. மேடம் வந்து சேர்த்து வைக்கப் போகிறார், அதற்கு நீ ஏன் வேலையை இழக்கிறாய் என்று கேட்டார். எனக்காகத்தான் சொல்கிறார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், நாலு நாளாக.

ஆனால் மேடம் செப்டம்பர் கடைசியில்தான் எழுந்து நடப்பார். அவர் மனதில் இருப்பது எட்டுக் காலோடு திடமாக நடக்கிற மாப்பிள்ளை. காத்திருக்கலாம் என்றே நினைப்பார்.

14 ஆகஸ்டு

இன்று கண்ணாடியில் ஏறப் பார்த்து விழுந்தான். திரும்ப ஏறினான். விழுந்தான். மூன்றாவது தடவை ஏறவில்லை, விழுந்த இடத்திலேயே நின்று தரையைத் தட்டினான்.

யாருக்குத் தட்டறே? அவ அந்தப் பெட்டியில கீறா. உனக்குக் கேக்காது, அவளுக்கும் கேக்காது. நடுவுல நான் கீறேன்.

இவன் செப்டம்பர் பார்க்க மாட்டான்.

16 ஆகஸ்டு, புதன்

சொல்லிவிட்டேன்.

நேற்று கொடியேற்றம், விடுமுறை, அதைச் சாக்காக வைத்து ஒரு நாள் தள்ளினேன். இன்று காலை அக்கரையில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து படகில் வரும்போதே, கரையில் இறங்கியதும் போன் போட வேண்டும், அறைக்குப் போய்விட்டால் போட மாட்டேன் என்று முடிவு செய்தேன். படகுத்துறையில் நின்றுகொண்டே சொன்னேன். ஜூலை இருபத்திரண்டு, சாயங்காலம் ஆறரை, சேர்த்தேன். நண்டு மாதிரி என்று நினைத்தேன். அவன் இடப்பக்கம் இரண்டாவது கால் போய்விட்டது. நேற்று முன்தினத்திலிருந்து சுவர் ஏற முடியவில்லை.

மேடம் சொன்னார்:

"அக்கா, எனக்குக் கோவம் வருது. ஆனா இப்ப அதுக்கு நேரம் இல்ல. ஆண் எப்படி இருக்கு, ஒண்ணு விடாம சொல்லுங்க."

சொன்னேன். வயிறு சுருங்கியிருக்கிறதா, தண்ணீர் குடிக்கிறதா, கால் வெட்டில் ஈரம் கசிகிறதா, எல்லாம் கேட்டார். கடைசியாக ஒன்று கேட்டார். அதற்கப்புறம் அவன் வலையில் ஏதாவது பின்னினானா? சின்னத் தூளி மாதிரி?

இல்லை என்றேன்.

அவன் கை இரண்டும் இப்போது வெறுங்கை என்றார். அந்தத் தூளியைப் பின்னி, அதில் விந்துவைச் சொட்டி, கையில் ஏற்றிக்கொண்டால்தான் மறுபடி சேர்த்துப் பயன். வலுவிருந்தால் பின்னுவான். இல்லையென்றால் இல்லை. அதற்குள் அம்மணியின் பல்லும் கறுக்க வேண்டும். அவள் சாப்பிட்ட பிறகுதான் சேர்க்கலாம். இரண்டும் நடந்தால் நான் வரும்வரை காத்திருக்க வேண்டாம், நீங்களே செய்யுங்கள் என்றார்.

சாவியை யாரிடம் கொடுக்கட்டும் என்று கேட்டேன்.

"யார்கிட்டயும் குடுக்க வேணாம். அந்த நோட்டுல இருபத்திரெண்டாம் தேதி காலியா இருக்கும்ல? அத எழுதுங்க மொதல்ல."

எழுதினேன். பையைத் தோலோடு பார்த்தும் யோசிக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதினேன். எழுதி முடித்ததும் அழுதேன். பெட்டிக்குள் இரண்டும் அசையவில்லை.

17 ஆகஸ்டு

தூளி இல்லை.

18 ஆகஸ்டு

இல்லை. பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அவன் வாய்ப் பக்கம் வைத்தேன். குடித்தான் என்று நினைக்கிறேன்.

21 ஆகஸ்டு

இன்று இவருக்கு ஏரியில் பாடு முறை. தன் இடத்தில் தன் வலையை இறக்குகிற நாள், அதனால் வீட்டில் எல்லோருக்கும் சிடுசிடுப்பு. நல்ல இறால் என்று மத்தியானம் சொல்லி அனுப்பினார். பூச்சி எப்படி இருக்கிறது என்றும் கேட்டு அனுப்பியிருக்கிறார்.

அம்மணியின் பல் பழுப்பாகியிருக்கிறது.

24 ஆகஸ்டு, வியாழன்

பின்னினான்!

மத்தியானம் மூன்று மணிக்கு, பட்டப்பகலில், என் கண்ணெதிரில். மூலையில் இரண்டு குச்சிக்கு நடுவே நூலை இழுத்து இழுத்து ஒரு சதுரம் கட்டினான். பின்பக்கத்தை ஆட்டி ஆட்டிப் பூசினான். ஒரு காலில்லாத பக்கம் சாய்ந்து சாய்ந்து போனது. நிறுத்தினான். நான் மூச்சு விடவில்லை. மறுபடி தொடங்கினான். பிறகு தூளியின் அடியில் மல்லாந்து புகுந்து ரொம்ப நேரம் கிடந்தான். வெளியே வந்து, மேலே ஏறி நின்று, இரண்டு குட்டைக் கைகளையும் மாற்றி மாற்றி அதில் நனைத்தான். தையற்காரன் ஊசியில் நூல் கோர்க்கிற பொறுமை. முக்கால் மணி நேரம். முடிந்ததும் தூளியைத் தானே பிய்த்துப் போட்டான்.

பன்னிரண்டு வருடம் வாழ்கிறவளைப் பார்த்து முதல் நாளே மயங்கினேன். இவனைப் பார்த்துச் சிரித்தேன். சாப்பாடு இல்லை, ஒரு கால் இல்லை, சுவர் ஏறத் தெம்பில்லை. இருக்கிற கடைசித் துளியை இதற்கென்று வைத்திருந்திருக்கிறான். மன்னிச்சுக்கோடா ராசா.

மேடம் போனில் அழுதார். கோபம் போய்விட்டதா என்று நான் கேட்கவில்லை.

26 ஆகஸ்டு

அம்மணி இரண்டு கரப்பான் தின்றாள். பல் கறுப்பு.

28 ஆகஸ்டு, திங்கள்

சாயங்காலம் ஆறே முக்கால். மேடம் வீடியோவில், நான் பெட்டி பக்கத்தில். இந்தத் தடவை கையில் நீளமான பெயிண்டு பிரஷ்.

அவன் தட்டினான். இரண்டு கைத் தட்டல், பிறகு ஒரு நீண்ட இடைவெளி. மூச்சு வாங்குகிற மாதிரி. மறுபடி இரண்டு. அவள் உடனே பதில் சொன்னாள், முன்பைப் போலக் காக்கவைக்கவில்லை. கால் இல்லாத பக்கம் அவளை எட்ட முடியாமல் ஒரு தடவை சறுக்கினான். சுற்றி வந்து மறு பக்கத்திலிருந்து முயன்றான். "அவசரப்படாதீங்க அக்கா, விடுங்க, விடுங்க" என்று மேடம் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் எங்கே அவசரப்பட்டேன், மரமாக நின்றேன்.

இரண்டு கையும். எண்ணினேன். இடது ஒரு தடவை, வலது இரண்டு தடவை.

அவள் பாய்வதற்குள் பிரஷை நடுவில் வைத்தேன். பிரஷைக் கடித்தாள். அவனை எடுத்துவிட்டேன்.

6 செப்டம்பர்

மாப்பிள்ளை இறந்துவிட்டான். காலையில் கால்களை உள்ளே மடக்கிக்கொண்டு கிடந்தான், தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில்.

மேடம் சாராயத்தில் போட்டு வைக்கச் சொன்னார், ஆராய்ச்சிக்கு வேண்டும். போட்டேன். சீட்டில் ஆ-1, ஏழு கால், திருப்பாலைவனம் என்று எழுதினேன். பம்புசெட்டிலிருந்து தேதியை எண்ணினேன், மூன்று மாதம் இருபத்து நாலு நாள்.

2 அக்டோபர்

மேடம் கைத்தடியோடு வந்தார். முதலில் அம்மணியைப் பார்த்தார், பிறகு நோட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இருபத்திரண்டாம் தேதிப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். "என் தப்பும் இருக்கு அக்கா. ஏன்னு சொல்லாம சேக்காதீங்கனு மட்டும் சொன்னேன்" என்றார். நான் மறுத்தேன். தப்பைப் பங்கு போட்டுக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை.

19 நவம்பர்

அம்மணி ஒரு வாரமாகப் பொந்தை உள்ளேயிருந்து அடைத்துக்கொண்டிருக்கிறாள். எட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. மேடம் பென்சில் நுனியைக் கடித்துக்கொண்டே இருக்கிறார்.

23 நவம்பர்

முட்டைப் பை. எலுமிச்சை அளவு, பழுப்பு வெள்ளை. இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

4 டிசம்பர்

புயல். படகு விடவில்லை.

7 டிசம்பர்

நாலாவது நாள். பழவேற்காட்டில் தெருவெல்லாம் ஏரி. இவர் இன்று துடுப்புப் போட்டு என்னைக் கொண்டுபோய் விட்டார். நான் கேட்கவில்லை, அவரே கிளம்பு என்றார். அறைக்குள் முழங்கால் தண்ணீர், பெட்டி மேசை மேல். அம்மணி பையை விடவில்லை.

"கெட்டியா புட்ச்சினு கீது பாரு" என்றார் இவர். கண்ணாடிப் பக்கம் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

21 ஜனவரி 2024, ஞாயிறு

எழுபத்தெட்டு. மூன்று தடவை எண்ணினோம்.

3 செப்டம்பர் 2024

குஞ்சுகளில் நாற்பத்தொன்று பிழைத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனி டப்பாவில். கழற்றிய சட்டைகளைச் சோப்புத் தண்ணீரில் விரித்து லென்ஸ் வைத்துப் பை இருக்கிறதா என்று பார்ப்பது இப்போது என் வேலை. நண்டுக் கொட்டகைக்குக் காலையில் மட்டும் போகிறேன். மேடத்துக்கே சந்தேகமாக இருப்பவற்றை ஆணா பெண்ணா என்று நான் சொல்லிவிடுகிறேன், பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கிறது. அந்தப் பத்தாவதைப் பற்றி முன்பெல்லாம் கவலைப்பட மாட்டேன்.

11 ஏப்ரல் 2025, வெள்ளி

பதினேழாம் எண் பையன் கடைசிச் சட்டையைக் கழற்றிவிட்டான். நீளக்கால், வெளுத்த உடம்பு, கை நுனியில் இரண்டு உருண்டை. அப்பனை உரித்து வைத்திருக்கிறான். எட்டுக் காலும் இருக்கின்றன.

அம்மாவோடும் தங்கைகளோடும் சேர்க்கக் கூடாது. போன மாதம் ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு பெண் கிடைத்தது, அவளுக்கென்றுதான் இவனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த மாதக் கடைசியில் வனத்துறையிலிருந்து பார்க்க வருகிறார்கள். மேடம் இன்று வந்ததிலிருந்தே நிற்கவில்லை.

"அக்கா, இன்னிக்கே சேத்துப் பாத்துடலாமா? அவங்க வரப்போ காட்ட ஏதாவது வேணும். இவனுக்கும் நாள் போய்க்கிட்டே இருக்கு" என்றார்.

நான் ஊத்துக்கோட்டைக்காரியின் பெட்டியைத் திறந்தேன். நேற்றுப் போட்ட கரப்பான் மூலையில் அப்படியே நடந்துகொண்டிருந்தது. பிரஷால் பட்டையை விலக்கினேன். வயிறு கறுத்திருந்தது.

"பொறுங்க மேடம். அது சட்டை கழட்டட்டும்."

"இன்னும் மூணு வாரம் ஆனா?"

"ஆகட்டும். இவன் இருப்பான்."

பக்கத்துப் பெட்டியில் பையன் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தான். மேடம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, நோட்டை எடுத்து, இன்றைய தேதிக்கு நேரே எழுதினார்: 'சேர்க்கவில்லை. செவ்வந்தி காத்திருக்கச் சொன்னார்.' எழுதிவிட்டு, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டு, நோட்டையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினார்.